முதுகுல போட்ட ஊசி போதாதா, கையில எதுக்கு இன்னொண்ணு?

பர்மா பாஷைல மயக்க ஊசிக்கு ரெண்டு தனித்தனி வார்த்தை இருக்கு, ஒண்ணு தோன்ஸே, இன்னொண்ணு மேஸே. ஸேன்னா மருந்து. தோன்னா மரத்துப்போறது, மேன்னா மறக்கிறது, நினைவு தப்புறது. நாம தமிழ்ல ரெண்டுக்கும் சேத்து "மயக்க ஊசி"ன்னு ஒரே பேர வச்சிட்டோம். அதனால யாங்கூன்ல நம்ம ஆளுங்க ஆபரேஷனுக்கு வரும்போது, முதுகுல மயக்க ஊசி போட்டாச்சே அப்புறம் ஏன் கையிலயும் போடுறாங்க, முதல்ல போட்டது பிடிக்கலையா, ஏதாவது தப்பா போச்சான்னு பயந்துடுறாங்க. பதினஞ்சு வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருக்கேன், இந்தக் கேள்விய வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுடுவேன், அதுவும் வயசான நம்ம தமிழ் ஆளுங்ககிட்ட இருந்து, ஏன்னா அவங்களுக்கு மார்க்கெட்ல பேசுற பர்மா பாஷை நல்லா வரும், ஆனா டாக்டர் மளமளன்னு சொல்ற பர்மா பாஷை பாதிக்கு மேல புரியாது, புரியலன்னு சொல்லவும் கூச்சப்பட்டு தலைய ஆட்டிட்டு வந்து படுத்துருவாங்க.

சுருக்கமா சொன்னா, முதுகுல போடுறது வலிக்கு, கையில போடுறது மனசுக்கு. ரெண்டும் வேற வேற வேலை. இத மட்டும் பிடிச்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

நான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு எங்க அப்பாதான் காரணம். நான் நர்சிங் படிச்சிட்டிருந்த காலத்துல அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஒரு ஆஸ்பத்திரில நடந்துச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். "தூங்க வச்சிருவோம், ஒண்ணும் தெரியாது"ன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. முதுகுல ஊசி, அப்புறம் கையில ஏதோ மருந்து, அப்பா தூங்கிட்டார். நடுவுல முழிப்பு வந்துருச்சு. மேல பெரிய லைட்டு, முன்னாடி பச்சைத் துணி மறைப்பு, அந்தப் பக்கம் யாரோ பேசிட்டிருக்காங்க, தன்னோட வயித்த யாரோ இழுக்கிற மாதிரி இருக்கு, ரெண்டு கையும் பலகையில கட்டியிருக்கு. மயக்கம் தெளிஞ்சிருச்சு, இது தெரியாம உயிரோட அறுத்துட்டிருக்காங்கன்னு நினைச்சிட்டார் மனுஷன். வலி இருந்துச்சாப்பான்னு பின்னாடி நான் கேட்டப்ப யோசிச்சுப் பாத்துட்டு "வலி இல்லம்மா, பயம்தான்"னார். ஆனா அத ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல, இன்னொரு பக்கமும் ஹெர்னியா இறங்கி டாக்டர் ஆபரேஷன்னு சொன்ன அன்னைக்குத்தான், "செத்தாலும் சாவேன், அந்த மேஜை மேல படுக்க மாட்டேன்"னு வீட்டுல சத்தம் போட்டப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. அன்னைக்கு மருந்துல எந்தத் தப்பும் நடக்கல. ஸ்பைனல், அதாவது முதுகு ஊசி, நல்லா வேலை செஞ்சிருக்கு, செடேஷன், அதாவது கையில போட்ட தூக்க மருந்து, கொஞ்சம் லேசாகி முழிப்பு வந்திருக்கு, அது சாதாரணம். முழிப்பு வரலாம், சத்தம் கேக்கலாம், இழுக்கிறது தெரியலாம், பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ரெண்டு வருஷப் பயம் இல்லாம போயிருக்கும்.

இது எங்க அப்பாவுக்கு மட்டும் நடந்ததில்ல. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் சேந்து, ஆபரேஷன் நடுவுல முழிப்பு வந்தவங்களப் பத்தி ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2014ல வெளியிட்டாங்க. நாப் 5ன்னு சொல்வாங்க. முழு மயக்கத்துல முழிச்சவங்களத் தேடிப் போனவங்களுக்கு, முழு மயக்கமே குடுக்காம வெறும் செடேஷன் மட்டும் குடுத்த ஆளுங்ககிட்ட இருந்தும் "நான் நடுவுல முழிச்சிட்டேன்"னு புகார் வந்திருக்கு. முழுசா தூங்க வைப்பாங்கன்னு அவங்க நம்பியிருக்காங்க, அப்படி இல்லன்னு யாரும் புரியிற மாதிரி சொல்லல.

சரி, முதல்ல முதுகு ஊசிக்கு வருவோம்.

உங்க ரெண்டு கையையும் இடுப்புல வச்சு, இடுப்பு எலும்போட மேல் விளிம்பத் தொட்டுப் பாருங்க. அந்த ரெண்டு விளிம்பையும் முதுகுப் பக்கமா ஒரு கோடா இணைச்சா, நாலாவது இடுப்பு முள்ளெலும்பு பக்கத்துல வரும். மயக்க டாக்டர் கையால தடவிப் பாக்கிறது இதத்தான். அந்தக் கோட்டுக்கு கிட்டத்துல ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற இடுக்குல ரொம்ப மெல்லிசான ஊசி போகும். பெரியவங்களுக்கு தண்டுவடம் முதல் இல்லன்னா ரெண்டாவது இடுப்பு எலும்பு மட்டத்துலயே முடிஞ்சிருது, அதுக்குக் கீழ நரம்பு வேரெல்லாம் குதிரை வால் மாதிரி தண்ணிக்குள்ள தொங்கிட்டிருக்கும். அதனால ஊசி தண்டுவடத்தக் குத்தி கால் வராம போயிரும்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, அதுக்காகத்தான் இவ்ளோ கீழ எடம் பாத்துப் போடுறது. உக்காந்து, தலையக் குனிஞ்சு, முதுக இறா மாதிரி வளைக்கச் சொல்றதும் அந்த இடுக்கு நல்லா விரியணும்னுதான்.

உள்ள போற மருந்து பெரும்பாலும் புபிவகெயின். அளவு ரெண்டுல இருந்து மூணு மில்லி, கிட்டத்தட்ட அரை டீஸ்பூன், அவ்ளோதான். அந்த அரை டீஸ்பூன் மருந்து இடுப்புக்குக் கீழ முழுசையும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல அடக்கி வச்சிரும். இந்த மருந்துல சர்க்கரை கலந்து கனமா செஞ்சிருப்பாங்க, நம்ம லபெயே கடைல, அதாவது டீக்கடைல, கிளாஸ்ல கண்டென்ஸ்டு மில்க் ஊத்தினா அடியில போய்த் தங்குதுல்ல, அதே மாதிரி முதுகுத் தண்ணிக்குள்ள இந்த மருந்து கீழ்ப்பக்கமா இறங்கும். அதனாலதான் ஊசி போட்டவுடனே படுக்கச் சொல்றது, மேஜையக் கொஞ்சம் சாய்க்கிறது எல்லாம். எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் மருந்து போகும். இந்த முதுகு ஊசி வித்தைய முதல்ல ஆபரேஷனுக்குப் பயன்படுத்தினவர் ஜெர்மனில கீல் நகரத்துல இருந்த ஆகஸ்ட் பியர்ங்கிற சர்ஜன், வருஷம் 1898, மருந்து கொகெய்ன். அவரும் அவரோட உதவியாளரும் தங்களுக்கே போட்டுப் பாத்து, அடுத்த நாள் கடுமையான தலைவலில படுத்திருக்காங்க. அந்தத் தலைவலி இப்பவும் சில பேருக்கு வரும், ஆனா ஊசி அப்ப மாதிரி தடிமன் இல்ல, முனையும் மாறிருச்சு, அதனால ரொம்பக் குறைஞ்சிருச்சு.

போட்ட கொஞ்ச நேரத்துல கால் சூடாகுற மாதிரி இருக்கும், அப்புறம் கனக்கும், அப்புறம் "காலத் தூக்குங்க"ன்னா வராது. இந்த நேரத்துல டாக்டர் ஸ்பிரிட் தொட்ட பஞ்ச, இல்லன்னா ஐஸ் துண்ட, தொடைல இருந்து மேல வயிறு வரைக்கும் வச்சு வச்சு "ஜில்லுன்னு இருக்கா"ன்னு கேப்பார். ஜில்லுப்பு உணர்ற நரம்பும் வலி உணர்ற நரம்பும் கிட்டத்தட்ட ஒரே ரகம், ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் போயிருச்சுன்னு அர்த்தம். இங்க தயவுசெஞ்சு உண்மையச் சொல்லுங்க. ஜில்லுன்னு இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. டாக்டர் மனசு கோணக் கூடாதுன்னு "இல்ல சயா இல்ல சயா"ன்னு (சயான்னா ஐயா) தலையாட்டுற பெரியவங்கள நான் எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். அந்தப் பதில வச்சுத்தான் கத்தி வைக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றாங்க.

ஒரு விஷயம் முக்கியம். வலி போன பிறகும் தொடுறதும், அமுக்குறதும், இழுக்கிறதும் கொஞ்சம் தெரியும். அந்த நரம்பு தடிமனானது, கடைசிலதான் அடங்கும், சில நேரம் முழுசா அடங்காது. எங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச அந்த "இழுக்கிறது" இதுதான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல, ஆனா இடுப்புக்கு மேல முழு ஆளா இருக்கீங்க. காது கேக்குது, மூக்கு வேலை செய்யுது. மூட்டு மாத்துற ஆபரேஷன்னா ரம்பம், டிரில், சுத்தியல்னு தச்சுப் பட்டறை சத்தமெல்லாம் வரும், ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மேஜையோட அதிரும். ரத்தக் குழாய சுட்டு அடைக்கிற மிஷின்ல இருந்து பொசுங்குற வாடை வரும், அது தன்னோட சதைன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும். ஏசி குளிர், ஒரே பக்கமா ரெண்டு மணி நேரம் படுத்து தோள்பட்டை நோகும், அதுக்கு முதுகு ஊசி ஒண்ணும் பண்ணாது. கால் வேற, ஊசி போட்டப்ப எப்படி மடக்கியிருந்தாங்களோ அப்படியே இன்னும் மடங்கி மேல நிக்கிற மாதிரி தோணும், கண்ணால பாத்தா நீட்டிப் படுத்திருக்கும். இத யாரும் முன்னாடியே சொல்லலன்னா ஆள் நடுங்கிப் போயிருவாங்க, நடுங்கினா பிரஷர் ஏறும், நெஞ்சு படபடக்கும், அசைஞ்சா சர்ஜனுக்கும் கஷ்டம். கையில போடுற மருந்து இந்தப் பாதிக்குத்தான், மேல் பாதிக்கு. இதுக்குப் பேர் செடேஷன்.

எல்லாருக்கும் கட்டாயம்னு இல்ல. சில பேர் "நான் முழிச்சிக்கிட்டே இருக்கேன், எனக்கு அதுதான் தைரியம்"னு சொல்வாங்க, தாராளமா இருக்கலாம். போன்ல பிடிச்ச பாட்ட காதுல மாட்டி விட்டா பாதி பயம் போயிரும், கையப் பிடிச்சிக்கிட்டா மீதியும் போயிரும், இத நான் சும்மா சொல்லல, மருந்தோட அளவே குறையுறத கண்ணால பாத்திருக்கேன்.

மருந்துன்னு எடுத்தா அதிகம் புழங்குறது நாலஞ்சுதான். மிடாசோலம், தண்ணி மாதிரி இருக்கும், ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான் போடுவாங்க, பதட்டத்தக் குறைக்கும், அதோட போட்டதுக்கு அப்புறம் நடக்கிறத மனசுல பதிய விடாது. மேஸேங்கிற பேர் இதுக்குத்தான் அச்சா பொருந்தும், உண்மையிலேயே மறதி மருந்து. அப்புறம் புரோபோபால். பால் மாதிரி வெள்ளையா இருக்கும், சோயா எண்ணெய்ல கரைச்சது, பாத்தவுடனே "இது என்ன பாலா"ன்னு கேக்காத ஆளே இல்ல. சின்ன ரத்தக் குழாய்ல ஏறும்போது கை சுர்ருன்னு எரியும், அது அலர்ஜி இல்ல, கொஞ்ச நேரத்துல போயிரும். பம்புல வச்சு சொட்டுச் சொட்டா விடுவாங்க, நிறுத்தினா கொஞ்ச நிமிஷத்துல தெளிஞ்சிரும், அதுதான் இதோட பெரிய வசதி. டெக்ஸ்மெடிடோமிடின்னு ஒண்ணு, இது குடுக்கிற தூக்கம் நிஜத் தூக்கத்துக்குப் பக்கத்துல இருக்கும், கூப்பிட்டா கண்ணத் தொறந்து பதில் சொல்லிட்டு திரும்பத் தூங்கிருவாங்க, மூச்ச அவ்ளோவா அமுக்காது, ஆனா நெஞ்சுத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும், மெதுவாத்தான் ஏத்தணும், முதுகு ஊசியோட நேரத்தையும் கொஞ்சம் நீட்டும். கெட்டமைன் வலியையும் சேத்து அடக்கும், பிரஷர விழ விடாது, ஆனா விசித்திரமான கனவு வரலாம். பென்டனில் வலி மருந்து, கொஞ்சூண்டு சேப்பாங்க.

இதுல எத எவ்ளோங்கிறது மயக்க டாக்டரோட கணக்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு பால் மருந்து போட்டாங்க எனக்கு ஏன் போடலன்னு கேக்கிறதுல அர்த்தமில்ல, அக்காவோட நெஞ்சு வேற, உங்க நெஞ்சு வேற.

எவ்ளோ ஆழமாத் தூங்க வைக்கிறாங்கங்கிறதுதான் இதுல பெரிய விஷயம், இத நான் கொஞ்சம் விரிச்சே சொல்லிடுறேன். செடேஷன்ங்கிறது மாடிப்படி மாதிரி. முதல் படில பதட்டம் மட்டும் போகும், பேசிட்டே இருப்பாங்க. ரெண்டாவது படில கண்ண மூடிருவாங்க, ஆனா "ஐயா கண்ணத் தொறங்க"ன்னா தொறப்பாங்க, மூச்சு தானா நல்லா ஓடும். மூணாவது படில கூப்பிட்டா போதாது, உலுக்கணும், திரும்பத் திரும்பக் கூப்பிடணும், மூச்சுக் குழாய்க்கு உதவி தேவைப்படலாம். நாலாவது படி முழு மயக்கம், என்ன செஞ்சாலும் எழும்ப மாட்டாங்க. ஸ்பைனலோட சேத்து குடுக்கும்போது பெரும்பாலும் ரெண்டாவது படில நிக்கத்தான் பாப்பாங்க, ஏன்னா வலிக்கு ஏற்கனவே முதுகு ஊசி இருக்கு, அதுக்கு மேல ஆழம் தேவையில்ல. ஆனா படிக்கும் படிக்கும் நடுவுல கோடு கிடையாது, ஒரே அளவு மருந்துல ஒருத்தர் முதல் படில நிப்பார், இன்னொருத்தர் சறுக்கி மூணாவதுக்குப் போயிருவார். அதனாலதான் கொஞ்சம் போட்டு, ரெண்டு மூணு நிமிஷம் பொறுத்து, மூச்சப் பாத்து, அப்புறம் கொஞ்சம் போடுவாங்க.

இதுல வெளிய தெரியாத ஒரு சங்கதி இருக்கு. முதுகு ஊசியே ஆளத் தூங்க வைக்கும். காலு, வயிறுல இருந்து மூளைக்கு ஓயாம போயிட்டிருக்கிற சேதியெல்லாம் திடீர்னு நின்னு போறதால மூளை தானா அயரும், மருந்தே போடாம குறட்டை விட்டவங்களையும் பாத்திருக்கோம். அப்ப வழக்கமான அளவு செடேஷன் இவங்களுக்கு அதிகமாயிரும். அதோட முதுகு ஊசி ரத்தக் குழாயெல்லாம் விரிய வச்சு பிரஷரக் குறைக்கும், மருந்தும் அதையே செய்யும், ரெண்டும் ஒரே நேரத்துல சேந்தா சில பேருக்கு நெஞ்சுத் துடிப்பும் சேந்து இறங்கிரும். அமெரிக்கால டாக்டருங்க மேல நஷ்டஈடு கேட்டுப் போட்டு முடிஞ்சு போன கேஸ் பைல்களப் புரட்டினப்ப, நல்ல ஆரோக்கியமா இருந்தும் ஸ்பைனல்ல திடீர்னு நெஞ்சு நின்னு போன 14 பேரோட விவரம் கிடைச்சு 1988ல எழுதினாங்க. அதுல பல பேர் தூங்குற மாதிரி ஆழமா செடேஷன்ல இருந்திருக்காங்க. விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்கிற பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லா இடத்துலயும் வராத காலம் அது. அந்தக் கட்டுரையப் படிச்சா, "சும்மா லேசா தூங்க வைக்கிறதுதானே"ன்னு பேசவே தோணாது.

அதனால விரல்ல கிளிப், நெஞ்சுல மூணு ஸ்டிக்கர், கையில அடிக்கடி இறுக்கிப் பிடிக்கிற பிரஷர் பட்டை, மூக்குல ஆக்சிஜன் குழாய். வசதி இருக்கிற இடத்துல வெளிய விடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு காட்டுற அலையும் மானிட்டர்ல ஓடும். அந்த அலைக்கு ஒரு காரணம் இருக்கு. ஆக்சிஜன் குடுத்துட்டிருக்கும்போது ஒருத்தர் மூச்ச விட மறந்தாலும் விரல் கிளிப்ல 99, 98ன்னு நம்பர் கொஞ்ச நேரம் நல்லாவே இருக்கும், நுரையீரல்ல தேங்கின ஆக்சிஜன் தீருற வரைக்கும். நம்பர் விழும்போது லேட்டாயிருக்கும். அலை நின்னா உடனே தெரிஞ்சிரும். அலை காட்டுற மிஷின் இல்லாத இடத்துல நாங்க என்ன பண்ணுவோம்னா, ஒரு கைய நோயாளியோட நெஞ்சு மேல லேசா வச்சிக்கிட்டே நிப்போம், ஏறி இறங்குதான்னு கையில தெரியும், ஆக்சிஜன் மாஸ்க்ல மூச்சு ஆவி படுதான்னு கண்ணு பாக்கும். யாங்கூன்ல கரண்ட் போறது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. போயி ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும் அந்த இருட்டுல மானிட்டர் பேட்டரில ஓடும், ஆனாலும் என் விரல் தானா மணிக்கட்டு நாடிக்குப் போயிரும், இத்தன வருஷத்துல அது பழக்கமாயிருச்சு. மயக்கத்துக்குன்னே ஒரு ஆள் வேற வேலை பாக்காம தலைமாட்டுலயே இருக்கணும்ங்கிறது இதுக்காகத்தான்.

முகத்துல தனகா மரப்பட்டைய அரைச்சுப் பூசிட்டு வர்ற அம்மாக்கள்ட்ட அன்னைக்கு மட்டும் துடைச்சிட்டு வாங்கம்மான்னு சொல்வோம், முகத்தோட நிறம் தெரியணும், உதடு நீலம் பாயுதான்னு பாக்கணும். நகப்பாலிஷும் வேணாம், விரல் கிளிப்போட கணக்குத் தப்பலாம்.

முதுகு ஊசி சரியாப் பிடிக்கலன்னா, ஆபரேஷன் நடுவுல வலிச்சா, செடேஷன ஏத்தி சமாளிக்கலாமான்னு ஒரு தம்பி என்கிட்ட கேட்டார், நல்ல கேள்வி. கூடாது. வலிய விட்டுட்டு மனச மட்டும் மங்க வச்சா ஆள் குழம்பிப் போய் உதறுவாங்க, இன்னும் ஏத்தினா மூச்சு போயிரும். உண்மையிலேயே வலிச்சா அதுக்கு வழி, சர்ஜன நிறுத்தச் சொல்லி, வலி மருந்து குடுத்து, அதுக்கும் அடங்கலன்னா முறைப்படி முழு மயக்கத்துக்கு மாறுறதுதான். அதனால வலிச்சா வாயத் தொறந்து சொல்லுங்க, "இழுக்குது"ங்கிறதும் "வலிக்குது"ங்கிறதும் வேற வேற, ரெண்டையும் பிரிச்சுச் சொன்னா டாக்டருக்கு ரொம்ப உதவி.

வயசானவங்க விஷயத்துல கொஞ்சம் கூடுதல் கவனம். போன மழைக் காலத்துல கோயில் படில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்ச ஒரு பாட்டிய கொண்டு வந்தாங்க, எம்பது வயசுக்கு மேல. உடைஞ்ச காலோட அவங்கள உக்கார வச்சு முதுக வளைக்கச் சொல்றது எப்படி, அசைச்சாலே கத்துறாங்க. அதனால இவங்களுக்கு மட்டும் வரிசை மாறுச்சு, முதல்ல கையில கொஞ்சூண்டு கெட்டமைன், வலி அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகு ஊசி. ஆபரேஷன் நடக்கும்போது பால் மருந்து லேசா, கூப்பிட்டா முனகிப் பதில் சொல்ற அளவு. மிடாசோலம் போடல. வயசானவங்களுக்கு அந்த மருந்து ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி குழப்பத்த உண்டாக்கலாம், மகள யாருன்னு கேப்பாங்க, டிரிப்ப பிடுங்குவாங்க, "வீட்டுக்குப் போணும்"னு கட்டில்ல இருந்து இறங்கப் பாப்பாங்க. செடேஷன் ஆழத்துக்கும் இந்தக் குழப்பத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு அமெரிக்கால பாத்திருக்காங்க. 2010ல வெளியான 114 பேர் ஆய்வுல ஆழமாத் தூங்க வச்சவங்கள்ல 40 சதவீதம் பேருக்கும், லேசா வச்சவங்கள்ல 19 சதவீதம் பேருக்கும் குழப்பம் வந்திருக்கு. அதே டாக்டர் குழு 2018ல 200 பேர வச்சு திரும்பப் பாத்தப்ப மொத்தமா பெரிய வித்தியாசம் வரல, மத்த வியாதி குறைவா இருந்தவங்களுக்கு மட்டும் லேசான செடேஷன் நல்லதா தெரிஞ்சுது. அதனால லேசா வச்சா குழப்பமே வராதுன்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, ஆனா தேவைக்கு மேல ஆழம் குடுக்கிறதுலயும் ஒரு லாபமும் இல்ல, என் கணக்குல லேசாத்தான் நல்லது. மூக்குக் கண்ணாடி, காது மிஷின் இருந்தா ஆபரேஷன் முடிஞ்சவுடனே திரும்ப மாட்டி விடுங்க, தமிழ்ல பேசுற ஒரு ஆள் பக்கத்துல இருங்க. பாட்டிக்கு அன்னைக்கு ராத்திரி பேத்தி பக்கத்துல உக்காந்து தமிழ்லயே பேசிட்டிருந்தா, பாட்டி ஒரு தடவகூட டிரிப்பத் தொடல.

சிசேரியன் தனிக் கதை. அங்க பெரும்பாலும் முதுகு ஊசி மட்டும்தான், குழந்தை வெளிய வர்ற வரைக்கும் பொதுவா செடேஷன் குடுக்க மாட்டாங்க, குடுத்தா குழந்தைக்கும் போகும். மாசமா இருக்கும்போது வயித்துல இருக்கிற சாப்பாடு மேல ஏறி நுரையீரலுக்குள்ள போற ஆபத்தும் அதிகம். அம்மா முழிச்சிருந்து குழந்தையோட முதல் அழுகையக் கேக்கலாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் உங்ககிட்ட கேக்கிற கேள்வியில மூணு விஷயத்துல நம்ம ஆளுங்க தப்பு பண்றாங்க. முதல்ல டீ. "ஒண்ணும் சாப்பிடல, வெறும் லபெயே மட்டும்தான் சயாமா"ன்னு காலைல சொல்வாங்க. பால் சேந்தா அது குடிக்கிற கணக்கு இல்ல, சாப்பாட்டுக் கணக்கு. லேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறின்னா எட்டு மணி நேரம் இடைவெளி வேணும். தண்ணியும், பால் சேக்காத வெறும் டீத்தண்ணியான யேநுவேஜானும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்னுதான் பொது விதி, உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அத கேளுங்க. செடேஷன்ல தொண்டையோட காவல் தளரும், வயித்துல இருக்கிறது மேல வந்தா நேரா நுரையீரல்தான்.

அடுத்தது குன்யா. இருபது முப்பது வருஷமா வெத்தலை பாக்கு போடுற சில பேருக்கு கன்னத்தோட உள்பக்கம் நார் மாதிரி இறுகி வாயே ரெண்டு விரல் அகலத்துக்கு மேல தொறக்காது. முதுகுலதானே ஊசி, வாயப் பத்தி ஏன் கேக்கிறாங்கன்னு தோணும். தூக்கம் ஆழமாகி மூச்சு நின்னா, இல்ல முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வந்தா வாய் வழியாத்தான் குழாய் போடணும், அந்த நேரத்துல வாய் தொறக்கலன்னு தெரிஞ்சா எவ்ளோ ஆபத்து. முன்னாடியே தெரிஞ்சா அவங்களுக்கு செடேஷனக் குறைச்சு, இல்லாமலே கூட, பாத்துக்கலாம். குறட்டையும் இதே கணக்குதான், ராத்திரி குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திடுக்குன்னு எழும்புற ஆள்னா பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தான் தெரியும், அதனால வீட்டுக்காரம்மாவ கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லுங்க.

மூணாவது, ராத்திரி போடுற சரக்கும் தூக்க மாத்திரையும். மறைக்காதீங்க. தினம் குடிக்கிறவங்களுக்கு சாதாரண அளவு மருந்து பிடிக்காம போகலாம், சில பேர் மிடாசோலம் போட்டவுடனே அமைதியாகுறதுக்கு பதிலா எழும்பி சண்டை போடுவாங்க. டாக்டர் கேக்கிறது உங்க நடத்தைய எடை போடுறதுக்கு இல்ல, மருந்த எடை போடுறதுக்கு.

முடிஞ்ச பிறகு பால் மருந்து சீக்கிரம் தெளிஞ்சிரும், முதுகு ஊசி மெதுவா போகும், தலை தெளிவா இருக்கும்போது காலு இன்னும் வேற யாரோடதோ மாதிரி கிடக்கும், அது சரிதான். கால் வரும்போதே வலியும் வர ஆரம்பிக்கும், தாங்க முடியாம ஆகுற வரைக்கும் பொறுக்காதீங்க, லேசா தெரியும்போதே சொல்லுங்க. உணர்ச்சி முழுசா வராம தனியா எழும்பி பாத்ரூம் போகாதீங்க. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்ட வேணாம், பத்திரம் கித்திரம்னு எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்.

எங்க அப்பா ரெண்டாவது ஆபரேஷனுக்கு கடைசில ஒத்துக்கிட்டார். இந்தத் தடவ முந்தின நாள் மயக்க டாக்டர் வார்டுக்கே வந்து உக்காந்தார், நான் தமிழ்ல சொல்லச் சொல்ல அப்பா கேள்வி கேட்டார், முழிப்பு வந்தா என்ன பண்ணணும்னு கேட்டார். "கையக் கட்ட மாட்டோம், என் கைய அமுக்குங்க, நான் பக்கத்துலதான் இருப்பேன்"னு டாக்டர் சொன்னார். மருந்து ரொம்பக் கொஞ்சமா மிடாசோலம் மட்டும். நடுவுல அப்பா முழிச்சிருக்கார், டாக்டர் கைய அமுக்கியிருக்கார், டாக்டர் குனிஞ்சு "வலிக்குதா"ன்னு கேட்டதுக்கு "இல்ல, இழுக்குது"ன்னு சரியா பிரிச்சுச் சொல்லியிருக்கார், அப்புறம் திரும்பத் தூங்கிட்டார். இதெல்லாம் டாக்டர் எனக்குச் சொன்னது. அப்பாவுக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல, சாயங்காலம் வார்டுல படுத்துக்கிட்டு மூணு தடவ "எப்பம்மா கூட்டிட்டுப் போவாங்க"ன்னு என்னையக் கேட்டார், மூணு தடவையும் வயித்துல இருந்த கட்ட தொட்டுக் காட்டினேன்.